கெய்கோவின் கோழிச் சூப்பும் என்ர விரதமும்

ஒக். 22, 1987, வியாழன்

காலமை மழை. காயப்போட்டதெல்லாம் திரும்ப நனைஞ்சு போச்சு.

கெய்கோ வாற வியாழன் ஊருக்குப் போறா. மார்ச்சில எங்கட முன்னறைக்கு வாடகைக்கு வந்த ஜப்பான் பிள்ளை. ஊர் ஃபுகுவோகா. தன்ர ஊர்ச் சாப்பாடு எல்லாம் செய்து காட்டாமல் பிளேன் ஏறமாட்டன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறா.

இதுவரைக்கும்:
மீன் முட்டை, மிளகாய்த்தூளில ஊறவிட்டது. எங்கட தூள்தான். சோத்தோட அருமை.
கோழியும் தாமரைக் கிழங்கும், சோயா சோஸில வத்தவிட்டது. இனிப்பு. இவருக்குப் பிடிக்கேல்லையாம், ஆனா சட்டியை வழிச்சவர்.
தடிச்ச நூடில்ஸ், மெத்தெண்டு. பல்லே தேவையில்லை.

மிச்சம் பெரிய கோழிச் சூப். ஞாயிறு செய்யிறன் எண்டா. ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் பின்னேரம் கலண்டரைப் பார்த்தா, நாளைக்குக் கந்தசட்டி தொடங்குது! ஆறு நாளும் மச்சம், மீன் இறைச்சி ஒண்டும், தொடேலாது. என்ர மண்டைக்குள்ள என்னதான் இருக்கோ.

ஒக். 23, வெள்ளி

முதல் நாள், பாலும் பழமும் மட்டும். தலையிடி.

இவர்: "விரதம் எண்டு சொல்லிவிடுமன். முடிஞ்சுது."

சொல்லத்தான் குசினிக்குப் போனன். கெய்கோ வாங்கின கோழியைக் காட்டுறா. எலும்போட வெட்டித் தா எண்டு கேட்க புட்சர் முழிச்சதை நடிச்சுக் காட்டிச் சிரிக்கிறா. அந்தச் சந்தோசத்தை எப்பிடிக் கெடுக்கிறது? விரதத்தைப் பறைதட்டிச் சொல்லப்படாது எண்டு எங்கட வீட்டில சொல்லுறது. அதைச் சாட்டாப் பிடிச்சுக்கொண்டு திரும்பி வந்திட்டன்.

ஒக். 25, ஞாயிறு

விடியவே சூப் வைச்சிட்டா. பால் மாதிரி வெள்ளையாக் கொதிக்குது. வீடெல்லாம் மணம். முருகா, சோதிக்காத.

மேசையில அடுப்பு, நடுவில சட்டி, சுத்தி எல்லாரும். கோழித் துண்டைத் தொடமுன்னம் வெறும் சூப்பை, உப்பும் வெங்காயத்தாளும் போட்டு, சின்னக் கோப்பையில குடிக்கிறது அந்த ஊர் முறையாம். முதல் கோப்பையை ரெண்டு கையாலயும் எனக்கு நீட்டினா. "அக்கா, முதல் நீங்கள்."

இவர் குறுக்கால விழுந்து, "அவவுக்கு வயிறு சரியில்லை" எண்டிட்டார். நானும் ஓமெண்டு வயித்தைப் பிடிச்சன். வெட்கக்கேடு.

கெய்கோவின்ர முகம் சுருங்கிப் போச்சு. தன்ர கோப்பையையும் கீழ வைச்சிட்டா. இவர் மட்டும் ஊத்தி ஊத்திக் குடிச்சார்.

ஒக். 26, திங்கள். இந்த நாட்டில ஒக்டோபரிலதான் லேபர் டே, லீவு.

சூப் சட்டி கழுவிக் கவிட்டுக் கிடக்கு. மிச்சம் எங்க எண்டு கேட்டன். "மணத்துக்கே உங்களுக்கு ஏலாமல் போனா கோழி பழுது போல, அக்கா. ஊத்திட்டன். மன்னியுங்கோ." அரைச் சட்டிக்கு மேல! இவரிட்டயும் போய், உங்கட வயிறு சுகமோ எண்டு கேட்டவவாம்.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். சொன்னா நேற்றுச் சொன்னது பொய்யெண்டு வந்திடுமே.

பின்னேரம் கஞ்சி காய்ச்சித் தந்தா. அரிசி, உப்பு, வேறொண்டுமில்லை. விரதக்காரிக்கு இதைவிட என்ன வேணும். குடிச்சன். குடிக்கக் குடிக்க அழுகை.

ஒக். 28, புதன்

திரும்பவும் கஞ்சி. பெட்டி அடுக்கிறதை விட்டிட்டு வந்து என்ர நெத்தியைத் தொட்டுப் பாக்கிறா. காய்ச்சல் இல்லையாம், அவவுக்குச் சந்தோசம். பாவி நான்.

ஒக். 29, வியாழன்

வெயில். விரதம் முறிச்சுப் பாறணை முடிச்ச கையோட எயார்போர்ட். இவர் காரை நிப்பாட்டப் போக, நாங்கள் ரெண்டுபேரும்தான். அங்கதான் சொன்னன். வயித்துக்கு ஒண்டுமில்லை, சாமிக்கு விரதம் எண்டு.

கெய்கோ பெட்டியைக் கீழ வைச்சா. பிறகு, "அப்பா செத்த நாளில எங்கட வீட்டிலயும் மீன், இறைச்சி இல்லை அக்கா. சொல்லியிருந்தா டோஃபுவும் காளானும் போட்டுச் செய்திருப்பனே."

இவ்வளவுதான் விசயம். இதுக்கா இந்தப் பாடு!

"அப்ப கோழி பழுதில்லை?"

"இல்லை, பிள்ளை."

"சூப் நல்லா இருந்ததா?"

நல்லா இருந்தது எண்டன். நான் வாயிலயே வைக்கேல்லை எண்டு அவவுக்குத் தெரியும். தலையாட்டிப்போட்டு உள்ள போயிட்டா.