கல் மேல் நின்ற கார்

ஜூன் 8, ஞாயிறு

எல்வின் அண்ணனுக்கு ஏதாவது ஆனால் அது அப்பா செய்த கொலை. விபத்து என்று யாரும் சொல்லக் கூடாது. இன்றே எழுதி வைக்கிறேன்.

சர்ச் முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு, அப்பாவும் அண்ணனும் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் அவன் வாடகைக்கு ஓட்டும் கேப் காரைத் தூக்கினார்கள். ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் முன்பக்கம் டொக் டொக் என்கிறதாம். காரோடு வந்த சின்ன ஜாக்கியால் தூக்கினார்கள். அப்புறம் அப்பா, காம்பவுண்டு சுவர் கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக் கற்களை அடியில் அடுக்கினார். நடுவில் ஓட்டை உள்ள சிமென்ட் கல். ஜாக்கியை இறக்கி, காரை அதன் மேல் உட்கார வைத்தார். அண்ணன் உள்ளே போனான். வெளியே இரண்டு கால்கள் மட்டும்.

கல் உடையும், இரும்பு ஸ்டாண்டு வாங்கி வைத்துச் செய்யுங்கள் என்றேன். அப்பா சிரித்தார்.

"ஏட்டி, நாப்பது டன் ரயில் பெட்டியத் தூக்குதவன்ட்ட வந்து ஒரு டன்னுக்குப் பாடம் நடத்துதியா? இது பொம்மை."

பக்கத்து வீட்டு தேவராஜ் அங்கிள் பிளாஸ்டிக் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். நான் வேலை பார்க்கும் லேபுக்குக் கல்லை எடுத்துப் போய், டெஸ்ட் பண்ணி சீல் அடித்துக் கொண்டு வரணுமாம். எல்லோரும் சிரித்தார்கள். "டென்சன் நக்கோ, எமி", கவலைப்படாதே என்று இந்த ஊர் உருதுவில் சொல்லி அண்ணனும் சிரித்தான். காருக்கு அடியிலிருந்து வந்த அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 10

அப்பா லாலாகுடா வொர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டியைத் தூக்கும் பிரிவில் இருக்கிறார். அங்கே ஜாக்கியில் நின்ற பெட்டிக்கு அடியில் தலையை நீட்டிய ஒரு புது ஆளைக் கன்னத்தில் அறைந்தவர். பெட்டி இரும்புத் தாங்கிகள் மேல் உட்கார்ந்த பிறகுதான் மனுஷன் உள்ளே போகணும் — சோறு போடும்போதெல்லாம் இந்தக் கதைதான். பெருமையாகச் சொல்வார்.

அந்த மனிதர் வொர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் எங்கே போய்விடுகிறார்?

நாற்பது டன்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு டன் பொம்மை ஆகிவிட்டது. எல்வினின் நெஞ்சுக்கு அது தெரியுமா?

ஜூன் 12

காரின் டேஷ்போர்டில், காரோடு வந்த கையேடு இருக்கிறது. உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன். ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும். அதை நம்பி அடியில் போகாதே. தரை கெட்டியாக, சமமாக இருக்கணும். எங்கள் வாசல் மண், அதுவும் சரிவு. மழையும் ஆரம்பித்துவிட்டது.

அண்ணனிடம் படித்துக் காட்டினேன். மெக்கானிக்கிடம் விட்டால் மூன்று நாள் வைத்துக்கொள்வான், மூன்று நாள் ஓட்டாவிட்டால் கேப் கம்பெனி நல்ல சவாரியை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எரிகிறது. பின்சீட்டில் உட்கார்ந்து ஹைடெக் சிட்டி போகிறவர்கள், ஏசி குளிரவில்லை என்று ஒரு ஸ்டாரைக் குறைப்பார்கள். இவன் ஞாயிற்றுக்கிழமை எதற்கு அடியில் படுத்தான் என்று ஒருத்தருக்கும் தெரிய வேண்டியதில்லை. கம்பெனி அவனைக் கூப்பிடும் பெயர் பார்ட்னர். பார்ட்னராம்.

நான் மட்டும் என்ன? தார்நாகா லேபில் கான்ட்ராக்ட் வேலை. கதவுக்குக் கதவு பாதுகாப்பு போஸ்டர். நல்ல கையுறை பெர்மனன்ட் ஆட்களுக்கு.

ஜூன் 14

அண்ணன் முன்பக்கத்துக்குப் புது ரப்பர் புஷ் வாங்கி வந்துவிட்டான். நாளை மறுபடி தூக்கப் போகிறார்கள். அம்மாவிடம் தடுக்கச் சொன்னேன். ஜெபம் பண்ணு என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

நேற்றைய மழையில் மண் ஊறிக் கிடந்தது. அதே கல். ஜாக்கியை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். கழற்றிய முன்சக்கரம் பக்கத்தில் கிடந்தது. அண்ணன் உள்ளே. எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. அந்தச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு, கதவுக்குக் கீழே, அவன் தோளுக்குப் பக்கத்தில் காலால் தள்ளினேன். வழியில் போடாதே, எடு என்றார் அப்பா. எடுக்கவில்லை.

நட்டு வரவில்லை. அண்ணன் பலமாக இழுத்தான். கார் ஆடியது.

கல் உடைந்தால் பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். இல்ல. பிஸ்கட் நொறுங்கற மாதிரி. அப்புறம்தான் கார்.

காலு ரெண்டு தடவ உதைச்சுது. அப்புறம் உதைக்கல.

கார் அந்தச் சக்கரத்து மேல விழுந்து நின்னுருச்சு. ஒரு சாண் இருந்திருக்கும். அந்த ஒரு சாணுக்குள்ள எங்க அண்ணன்.

அப்பா நின்றார். ஜாக்கிக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். நான் கத்தின கத்தலில் தேவராஜ் அங்கிள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். தெருவில் இருந்த ஆட்கள், எதிர்வீட்டு ஆன்ட்டி, எல்லோரும் சேர்ந்து கையாலேயே தூக்கினோம். அம்மா அவன் காலைப் பிடித்து இழுத்தாள்.

மூச்சு இருந்தது.

ஜூன் 18

விலா எலும்பு மூன்று, தோளெலும்பு ஒன்று முறிந்திருக்கிறது. நுரையீரல் தப்பித்தது என்கிறார் டாக்டர்.

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா ஒரே பேச்சு: ஜாக்கி ஸ்லிப் ஆகிவிட்டது. ஜாக்கி ஸ்லிப் ஆகவில்லை. ஜாக்கி காருக்கு அடியிலேயே இல்லை.

அண்ணனிடம் சொன்னேன், நீயாவது கேளேன் என்று. அவனுக்குப் பேசினால் வலிக்கிறது. "விடு எமி. அப்பா சாப்டாரா?"

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். மகனைக் காப்பாற்ற கர்த்தர் அந்தச் சக்கரத்தை அங்கே வைத்தார் என்று சொல்லி அழுதார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. ஜேசுராஜ் பிரதரின் விசுவாசத்தைப் பாருங்கள் என்று அப்பாவைக் காட்டினார் பாஸ்டர்.

சக்கரத்தை வச்சது நான். சரி, கர்த்தர்னே இருக்கட்டும். கல்ல வச்சது யாரு? அத ஏன் சாட்சில சொல்லல? எனக்கு ஸ்தோத்திரம் வாயில் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஆக்னஸ் ஆன்ட்டி என் தொடையைக் கிள்ளினார்.

ஜூன் 27

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். மல்லாந்து படுக்க முடியவில்லை. அவன் இருமும்போதெல்லாம் கதவருகே போய் நிற்கிறேன்.

இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் வழியில் ஒருவர் செங்கல் மேல் காரை நிறுத்தி அடியில் படுத்திருந்தார். வெளியே வரச் சொன்னேன். தலையை மட்டும் நீட்டி, "கைக்கு?", எதற்கு என்றார். அவர் வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா சர்ச்சுக்கு வரவில்லை. நாங்கள் திரும்பியபோது கார் தார் ரோட்டில், சமமான இடத்தில் நின்றது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டிருந்தார். லேபிள்கூடக் கிழிக்காத இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள். ஜாக்கியால் தூக்கி, காரை மெதுவாக அவற்றின் மேல் இறக்கினார். ஜாக்கியை எடுக்காமல் தொட்டபடியே விட்டார். கழற்றிய சக்கரத்தையும் அவரே அடியில் தள்ளினார். கடைசியாக இரண்டு கையாலும் காரைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. அப்புறம்தான் உள்ளே போனார்.

கையில் கட்டோடு அண்ணன் உதவிக்குப் போனான். தள்ளி நில் என்றார்.

ஒன்றுகூட விடவில்லை. எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தார் என்று இருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

இந்தத் தடவை அப்பாவின் கால்கள். அவை அசைகின்றனவா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க முடியாமல் போனபோது குனிந்து கேட்டேன்.

"தெரிஞ்சேதான் அந்தக் கல்ல வச்சீங்களாப்பா? அண்ணன் இங்கதான் நிக்கான். அவன்ட்ட சொல்லுங்க."

உள்ளே சத்தம் நின்றது. அண்ணன் ரோட்டைப் பார்த்தான்.

காருக்கு அடியிலிருந்து கை மட்டும் வெளியே நீண்டு, தரையில் ஸ்பானரைத் தேடியது.