தாளில் இல்லாத பெயர்

அண்ணாச்சி,

இன்று காலை திரேஸ்புரத்தில் வண்டியை நிறுத்தி உங்களுக்கென்று அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிவிட்டேன். என் மனைவிக்கு அந்த வாடையே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். கருவாடு விற்கும் அக்கா, "மலைக்குப் பொறப்பட்டாச்சா?" என்று கேட்டபடி வழக்கம்போல் இரண்டு பைக்குள் போட்டு, மேலே செய்தித்தாளும் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைப் பொத்தக் கூடாதே என்று நான்தான் அப்படிக் கட்டச் சொல்லிப் பழக்கியிருந்தேன். அலுவலகம் வந்து பொட்டலத்தை மேசைக்கடியில் வைத்த பிறகுதான் உறைத்தது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது.

எங்கள் ஊரில் மலை என்றால் உப்பளத்து அம்பாரம்தான். துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கு ஏற்றுமதித் தாள் தயாரிக்கும் எனக்கு மலையேறும் கிறுக்கு எப்படிப் பிடித்ததோ, பிடித்துவிட்டது. முதல் தடவை எங்களைக் கூட்டிப் போனவர் எங்களிடம் வாங்கிய பணத்தையும், வழி காட்டிய உங்கள் கையில் வைத்ததையும் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களோ அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, எங்கள் மூட்டைகளில் கனமானதாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டீர்கள். அடுத்த முறையிலிருந்து ஏற்பாடு எல்லாம் என் கைக்கு வந்தது. வனத்துறை அனுமதி வாங்குவது நான். உங்கள் கூலி, நீங்களும் நானும் பேசி வைத்தது. அதையும் ஏறுவதற்கு முன்பே தந்துவிடுவேன்.

"முன்னாடியே குடுத்துருதியளே தம்பி, பாதி வழியில உங்கள விட்டுட்டு ஓடிட்டேன்னா?" என்றீர்கள்.

"எனக்கு வழி தெரியாதே அண்ணாச்சி, நானும் பின்னாலயே ஓடி வருவேன்."

நீங்கள் சிரித்த அந்தச் சிரிப்பை இரண்டு வளைவு தள்ளி வந்துகொண்டிருந்தவர்களும் கேட்டிருப்பார்கள்.

ஒருமுறை நீங்கள் தூத்துக்குடிக்கு வந்தீர்கள். கடலைப் பார்த்தது போதும் என்று பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டு, என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தீர்கள். அன்று ஒரு கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போய், பெட்டி யார்டிலேயே கிடந்தது. நான் நாலு இடத்துக்கு போன் போட்டு மன்றாடிக்கொண்டிருந்தேன். "ஒரு நம்பருக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டீர்கள். "தாள்ல இல்லேன்னா கப்பல்லயும் இல்ல அண்ணாச்சி" என்று பெரிய மனிதன் போலச் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் அனுமதித் தாளை ஒருமுறைகூட வாங்கிப் பார்த்ததில்லை. இவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டீர்கள்.

கடைசிப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு உங்கள் வழிகாட்டி அட்டைக்குக் கெடு முடிந்திருந்தது. புதுப்பிக்கப் பத்து நாளாவது ஆகும். சென்னையிலிருந்து எட்டுப் பேர் ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உங்கள் மலைக் குடியிருப்பிலேயே அட்டை உள்ள இன்னொருவரின் பெயரை எழுதினேன். அவர் எங்களோடு சோதனைச் சாவடியில் கையெழுத்துப் போட்டு உள்ளே வருவார். அதைத் தாண்டியதும் அவர் விலகிக்கொள்ள, நீங்கள் சேர்ந்துகொள்வீர்கள். இறங்கும்போது மறுபடியும் ஆள் மாறிக்கொள்ளலாம். அந்தக் கூலி உங்களுக்கே வந்து சேர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன் அண்ணாச்சி. நினைத்து நெஞ்சையும் நிமிர்த்திக்கொண்டேன்.

"எம்பேரு இல்லாத தாள்ல நான் வாரது சரியா தம்பி?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"தாள் என் பாடு, மலை உங்க பாடு" என்றேன். நீங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டீர்கள். முன்னால் நடந்தீர்கள்.

இரண்டாம் நாள் மதியத்திலிருந்து மழை. இருட்டுகிற நேரத்தில் இறங்கி வந்தோம். மற்ற நாளாக இருந்தால் நீங்களும் சாவடிவரை வந்து, கையெழுத்துப் போட்டு, சாயா குடித்து, அங்குள்ள கொட்டகையில் படுத்து, விடிந்த பிறகு மேலே ஏறியிருப்பீர்கள். அன்று சாவடிக்கு முந்தின வளைவில் அந்த இன்னொருவர் குடையோடு நின்றிருந்தார். நீங்கள் மூட்டையை என் தோளில் மாற்றிவிட்டு, "நான் இப்படியே திரும்பிருதேன் தம்பி. என்னைய அங்கன பாத்தா கேப்பாக" என்றீர்கள். நான் தலையாட்டினேன். வேன் வந்துவிட்டதா என்பதுதான் என் கவலை. வழியிலுள்ள ஓடையில் தண்ணீர் ஏறியிருக்குமே என்று கேட்கவில்லை. பார்த்துப் போங்கள் என்று வாய் வார்த்தைக்குக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை அந்த ஓடையில்தான் உங்களைக் கண்டெடுத்தார்கள்.

வழிகாட்டி வேலையில் இருந்தபோது இறந்தால் குடும்பத்துக்கு உதவி உண்டு. அன்று நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்பதற்கு ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். என் பித்தலாட்டம் உட்பட எல்லாவற்றையும் எழுதி வனத்துறை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். போவதற்கு எனக்கு இருபது நாள் ஆயிற்று, பயம்தான், வேறென்ன. அதிகாரி கோபப்படவில்லை. பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "ஏறுனது பத்து, இறங்குனது பத்து. கீழ உங்க கையெழுத்துதான சார்? இப்ப மாத்தி எழுதிக் குடுத்தா மொதல்ல அட்டை போறது அந்த இன்னொருத்தருக்குத்தான். யோசிச்சுக் குடுங்க" என்றார்.

சாட்சிக்குச் சென்னைக்காரர்களைக் கூப்பிட்டேன். முக்கால்வாசிப் பேர் எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் எங்களை இழுக்காதீர்கள் என்று சொல்லி, உச்சியில் எடுத்த படத்தை அனுப்பினார். ஒன்பது பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். எடுத்தது நீங்கள்.

உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "அவனுக்கும் ரெண்டு புள்ளைய இருக்கு. அவன் அட்டையும் போச்சுன்னா ரெண்டு வீடுல்லா பட்டினி கெடக்கும். விட்டுருங்க தம்பி." நான் எழுந்தபோது வாசல்வரை வந்து, "எப்பவும் அவுக பேரத்தான எழுதுவிய, அன்னைக்கு மட்டும் ஏன் எழுதல?" என்று கேட்டார்கள். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள்.

அதன் பிறகு நான் யாரையும் மலைக்குக் கூட்டிப் போகவில்லை. அனுமதி வாங்கித் தருவீர்களா என்று கேட்டு வரும் போன்களை எடுப்பதில்லை. வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் மூன்று முறை சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன். ஓர் இரும்புப் பெட்டிக்குக் கொடுத்த மரியாதையை உங்களுக்குக் கொடுக்கவில்லை. என்னை மன்னியுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைக் கேட்கவும் எனக்கு முகமில்லை.

மேசைக்கடியில் கருவாடு நாறுகிறது. பக்கத்து மேசைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டார். பதிவேட்டின் அந்தப் பக்கத்தை அன்றே போனில் படம் பிடித்து வந்திருந்தேன். தினமும் ஒருமுறையாவது எடுத்து எண்ணிப் பார்க்கிறேன். ஏறியவர் பத்து, இறங்கியவர் பத்து, கீழே என் கையெழுத்து. எத்தனை தடவை எண்ணினாலும் ஓர் ஆள்கூடக் குறையவில்லை அண்ணாச்சி.