சாட்சி சொன்ன தோள்

கர்த்தருக்குள் பிரியமான என் மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. அவருடைய கிருபை உன்னையும் மாப்பிள்ளையையும் குட்டியையும் சூழ்ந்து காக்கட்டும். இங்கே அப்பா சுகம், தம்பி சுகம், நான் பாதி சுகம். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். நீ போனில் “எப்படிம்மா இருக்க” என்று கேட்டவுடனே என் வாய் என்னைக் கேட்காமலே “நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிடுகிறது, அப்புறம் அதை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்குள் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். பேனாவைப் பிடித்தால் அந்த அவசரம் இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி, காரணம் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் கூடத்துக் கூரை வழியாகச் சொட்டுகிறது, வீட்டுக்காரர் இதோ அதோ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், நாங்கள் வாளியை வைத்துவிட்டு அதைச் சுற்றி நடந்து பழகிவிட்டோம். அப்பாவுக்குப் பள்ளிக்கூட பஸ்ஸில் புது வழித்தடம் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகள் பின்னால் கத்துகிற கத்தலில் வீட்டுக்கு வந்தும் என்னிடம் உரக்கத்தான் பேசுகிறார். தம்பி வேலை மாறியிருக்கிறான், சம்பளத்தோடு சேர்த்துத் தலைமுடியையும் வளர்க்கிறான், கேட்டால் ஸ்டைல் என்கிறான், எனக்கென்னவோ சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. இரு, அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அணைந்துதான் இருந்தது. இப்படித்தான் இப்போதெல்லாம், ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

விஷயம் என் வலது தோளைப் பற்றியது. போன வருஷம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். லாண்டரியில் ஈரப் போர்வைகளை உதறித் தேய்க்கிற இயந்திரத்தின் உருளைக்குள் கொடுக்கிற வேலை, கை தோளுக்கு மேலே போகவே மாட்டேன் என்றது, மேற்பார்வையாளர் பாவம் பார்த்து மடிக்கிற மேசைக்கு மாற்றினார், தலை சீவக்கூட அப்பாதான் வரவேண்டும், அவர் சீவி முடித்தால் நான் சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருப்பேன். அப்புறம் அந்த உபவாச ஜெபத்தில் பாஸ்டர் தோளில் கை வைத்து ஜெபித்தார், உள்ளே சூடாக ஓடியது, கையைத் தூக்கினேன், உச்சி வரைக்கும் போனது. இது சத்தியம் மகளே, இதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். அழுதுகொண்டே உனக்குப் போன் பண்ணினேனே. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். “மருந்து செய்யாததை, மாத்திரை செய்யாததை, என் ஆண்டவர் ஒரு நொடியில செஞ்சார்” என்று சொன்னேன். அந்த ஜெபத்துக்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் தோளுக்கு ஊசி போட்டிருந்தார்கள், தினமும் சுவரில் விரலை ஏற்றி ஏற்றிப் பயிற்சியும் செய்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. சொன்னால் சாட்சியின் அழகு கெட்டுவிடும் என்று தோன்றியது. பொய் சொல்கிறோம் என்றே அப்போது நினைக்கவில்லை, ஆண்டவருக்குப் போகவேண்டிய பெருமையை டாக்டரோடு பங்கு போடாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனசு பார் எனக்கு.

அதற்குப் பிறகு சபையில் எனக்குத் தோள் அக்கா என்றே பெயராகிவிட்டது. புதிதாக யார் வந்தாலும் “காட்டுங்கக்கா” என்பார்கள், நானும் கடையில் புடவையை விரித்துக் காட்டுகிற மாதிரி கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். பாட்டு ஆரம்பித்தால் பாஸ்டருடைய கண் முதலில் என் கைக்குத்தான் வரும். அப்படியிருக்கும்போதுதான் வலி திரும்பி வந்தது. முதலில் லேசாக, அப்புறம் பழையபடி. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வலி மாத்திரையை விழுங்கிவிட்டு, பாட்டு நேரத்தில் வலது முழங்கையை இடது கையால் தாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதைப் பார்த்து என் ஆராதனை ஆழமாகிவிட்டது என்று இரண்டு பேர் வந்து பாராட்டினார்கள். உன் அப்பா மட்டும் வீட்டுக்கு வரும் வழியில் “நீ ஆண்டவரைப் பாத்துக் கையத் தூக்கற மாதிரி இல்லடி, பஸ்ஸ நிறுத்தக் கை காட்டற மாதிரி இருக்கு” என்றார். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

வேலைக்குப் போடுகிற சட்டையில் கையை நுழைக்க முடியாமல் போய், அக்குளைக் கொஞ்சம் விரித்துத் தைத்துத் தரச்சொல்லி நம் தையல்கார அக்காவிடம் போனேன். நினைவிருக்கும் உனக்கு, பள்ளிச் சீருடையெல்லாம் அவளிடம்தான் தைத்தோம், தனியாள், வாசல் அறையே கடை, சபையில் எனக்கு முந்தின வரிசையில் உட்காருவாள், என்னைவிட மூத்தவள்தான் என்றாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். “ஏன்க்கா விரிக்கணும்” என்று கேட்டாள், துணி சுருங்கிவிட்டது என்றேன். அப்போதுதான் கீழே பார்த்தேன், தையல் இயந்திரத்தின் மிதிகட்டை மேல் இருந்த அவள் காலில் பழைய துணியைச் சுற்றியிருந்தாள், ஒரு மாதிரி வாடை வேறு. செருப்பு கடித்த புண் ஆறவில்லை என்றாள். அவளுக்குச் சர்க்கரை, பல வருஷமாக ஊசி போட்டுக்கொள்கிறவள். டாக்டரிடம் காட்டினாயா என்றேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக, “உங்க சாட்சியக் கேட்ட அன்னிக்கே ஊசிய நிறுத்திட்டேன்க்கா. உங்களுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்யமாட்டாரா” என்றாள்.

 அங்கேயே உண்மையைச் சொன்னேனா என்று கேள், சொல்லவில்லை. சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க மடித்த போர்வையையே திரும்ப மடித்தேன், பக்கத்தில் வேலை செய்கிறவள் உனக்கென்ன ஆயிற்று என்று கேட்டாள். கடைசியில் பாஸ்டர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதே. கேட்டவுடன் அவருக்கு முகம் வெளுத்துப்போனது. “மருந்த நிறுத்தச் சொல்லி நான் ஒரு நாளும் பேசினதில்லம்மா” என்றார், அது உண்மை. நான் சபையில் எழுந்து சொல்லிவிடவா என்று கேட்டேன். “அந்தச் சகோதரிகிட்ட தனியாப் போய்ச் சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் வேண்டாம். உங்க சாட்சியப் பிடிச்சிக்கிட்டு எத்தனையோ பேர் நிக்கறாங்க, விழுந்துடுவாங்க” என்றார். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது, அதனால் சரி என்று வந்துவிட்டேன்.

தனியாகப் போய்ச் சொன்னேன். வலி திரும்பிவிட்டது, ஊசியும் போட்டிருந்தேன், மறைத்துவிட்டேன், நீ உன் மருந்தைப் போட்டுக்கொள் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை மகளே. “போன ஞாயித்துக்கிழமை உங்க கை மேல இருந்தத என் கண்ணால பாத்தேனே. என் விசுவாசம் எவ்வளவு உறுதின்னு பாக்கறீங்க, அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் என்ன பேசினாலும் இயந்திரச் சத்தம்தான் பதில். என் வாய் சொல்வதை என் கையே பொய்யாக்கி வைத்திருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கிண்டல் பண்ணவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “அப்ப கையத் தூக்காத” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு மாத்திரை போடவில்லை. பாட்டு ஆரம்பித்தது, எல்லாக் கைகளும் மேலே போயின, நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பாஸ்டருடைய கண் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். நன்றாகப் பேசவேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ, உடைசல் உடைசலாகத்தான் வந்தது. “அன்னிக்கு வலி போனது நிஜம். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஊசி போட்டதும் நிஜம். இப்ப வலி திரும்பி வந்திருக்கு, அதுவும் நிஜம். கொஞ்ச மாசமா நான் இங்க கையத் தூக்கினது மட்டும்தான் பொய். என்னைப் பாத்து யாரும் மருந்த நிறுத்தியிருந்தா தயவுசெஞ்சு போய்ப் போட்டுக்குங்க” என்றேன். யாரோ ஒரு பாட்டி பழக்கதோஷத்தில் “ஸ்தோத்திரம்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, எதற்குச் சொன்னோம் என்று விழித்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். தையல்கார அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது, என்னிடம் ஏமாந்ததைவிட, நம்பினதற்காக எல்லார் முன்னாலும் வெட்கப்படுகிறவள் மாதிரி இருந்தது. எழுந்து காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாஸ்டர் மைக்கைப் பிடித்து “அந்த அம்மா சொன்னதத்தான் நானும் சொல்றேன், மருந்த நிறுத்தினவங்க இன்னிக்கே போங்க” என்றார், பாட்டுக்காரப் பையனைப் பார்த்துக் கை காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாரம் இறங்கிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் இறங்கவில்லை. சபையில் சிலர் என்னோடு பேசுவதில்லை, ஒருத்தி வீடு தேடி வந்து “சுகத்த வாயாலேயே துரத்திட்டீங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் போனாள். தையல் கடை மூடிக்கிடந்தது, நான் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை என்று அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுடைய தம்பி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது, பார்க்கப் போனேன், உள்ளே போகவேண்டாம் என்று அவனே வாசலில் நிறுத்திவிட்டான். மருந்து ஆரம்பித்துவிட்டார்களாம். கால் பிழைத்துவிடும், ஒரு விரல் மட்டும் கறுத்திருக்கிறது, அது தங்குமா எடுக்கவேண்டுமா என்று வருகிற வியாழக்கிழமை பார்த்துச் சொல்வார்களாம். அந்த விரல் போனால் அதில் என் பங்கு இருக்கிறது, இதை யாரும் எனக்கு ஆறுதல் சொல்லி மாற்ற முடியாது, நீயும் முயற்சி செய்யாதே. அவள் விசுவாசத்தையும் சேர்த்து உடைத்துவிட்டேனோ என்பதுதான் அதைவிடப் பெரிய பயம்.

ஜெபிக்க உட்கார்ந்தால் முன்பு எனக்கு வார்த்தைகள் அருவியாகக் கொட்டும். இப்போது தோள் வலிக்கிறது, எனக்கு உங்கள்மேல் கோபமாக இருக்கிறது, கொடுத்ததை ஏன் எடுத்தீர்கள், எடுப்பதாக இருந்தால் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எடுத்திருக்கக்கூடாதா என்று கேட்கிறேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மறுநாளும் போய் உட்காருகிறேன், இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. நீ அங்கே சபையில் பாட்டு நடத்துகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், சந்தோஷம், நல்ல குரல் உனக்கு. அழுகை வந்தால் அழு, வராத நாளில் கண்ணைக் கசக்காதே. நான் தோளில் கற்றதை நீ தொண்டையில் கற்கவேண்டாம்.

நேற்று அவள் சபைக்கு வந்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். காலில் வெள்ளைக் கட்டு, தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள். ஜெப விண்ணப்பம் கேட்டபோது முதலில் எழுந்தது அவள்தான். “என் கால் விரலுக்காக ஜெபம் பண்ணுங்க. ஊசியும் போட்டுக்கறேன். ரெண்டையும் சேத்தே சொல்லிட்டேன், நாளைக்கு யாரும் எம்பேர்ல பாதிக் கதை சொல்லவேண்டாம்” என்றாள். சபையே சிரித்தது, எனக்கு அழுகைதான் வந்தது. முடிந்து வெளியே வரும்போது என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள். பழையபடி அக்கா என்று கூப்பிடவில்லை, நேராக, “வியாழக்கிழமை என் தம்பிக்கு லீவு இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட வர்றதுன்னா வாங்க. என்கூடப் பேசவேண்டாம், சும்மா உக்காந்திருங்க” என்றாள். என் தோளுக்கும் அங்கேயே டாக்டரைப் பார்க்கச் சீட்டு எடுத்திருக்கிறேன், அதை அவளிடம் சொன்னேன், சரி என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் ஆசீர்வதித்து, போக்கிலும் வரத்திலும் கூட இருப்பாராக. குட்டிக்கு என் முத்தம், அவளுக்குப் பல் விழுந்தால் உடனே சொல். குளிர் ஆரம்பித்தால் மாப்பிள்ளையை வெறுங்காலோடு நடக்கவிடாதே. வியாழக்கிழமை மறக்காமல் ஜெபி. என் தோளை விட்டுவிடு, அது இருக்கட்டும். அந்த விரலைக் கேள்.

சும்மா உட்காரப் போகிற,
உன் அம்மா