பக்கவாட்டில் சுட வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். உங்கள் மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்றுவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். குழந்தை நன்றாக இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். நான் எழுத வந்தது வேறு.

போன வாரம் வந்த உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். கப்பல் பீரங்கி ஏற்றிய புது வண்டிக்கு நீங்கள்தான் ஓட்டுநர் என்று வாசிக்கும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வண்டிக்கு ‘மாமனார்’ என்று பெயர் வைத்திருப்பதை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டாள். பிறகு நானே எடுத்துப் படித்தேன். வாயைத் திறந்தால் தெருவே அதிரும் என்று காரணமும் எழுதியிருந்தீர்கள். சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அடுத்த வரியில் வண்டி எண் பதினொன்று என்றிருந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுவிட்டேன்.

பதினொன்றுக்கு வெல்டிங் வைத்தவன் நான்.

பழைய போர்க்கப்பல்களில் விமானங்களைச் சுட வைத்திருந்த பீரங்கிகளைக் கழற்றி எங்கள் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்குக் குறையாது. கப்பலில் அதன் உதையைத் தாங்க அத்தனை இரும்பு இருந்தது. நாங்கள் அதை ரோந்து போகிற சின்ன வண்டியின் முதுகில் உட்கார வைத்தோம். சட்டத்துக்கு அடியில் தகடு கொடுத்தோம், அச்சின் மேல் பாரம் தாங்கும் வில்லுக்குப் பட்டை கூட்டினோம். நேராகப் பார்த்துச் சுட்டால் வண்டி பின்னால் உதைத்துக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் திருப்பிச் சுட்டால் நிற்காது. இதை நான் பட்டறை அதிகாரியிடம் இரண்டு முறை சொன்னேன். எதிரி நேராகத்தான் வருவானா என்று கேட்டார்.

ஏழாம் வண்டியைச் சோதித்த அன்று பக்கவாட்டில் சுடச் சொன்னார். பீரங்கியில் இருந்த பையனை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். இரண்டாவது தடவை சுட்டதும் வண்டி புரண்டது. பீரங்கி அவன்மேல் கிடந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். வண்டி புரளாமல் தரையில் ஊன்றும் தாங்குகால்களை இறக்காமல் சுட்டது அவன் தவறு என்று அறிக்கை எழுதினார்கள். அந்த வண்டியில் தாங்குகாலே கிடையாது. இல்லாத காலை எப்படி இறக்குவான்? இருந்தும் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பயந்துதான் போட்டேன். வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

மிச்ச வண்டிகளில் பீரங்கி பக்கவாட்டில் திரும்பாதபடி தடுப்புக்கட்டை வைத்துப் பற்றவைத்தேன். அதிகாரி அவற்றை அறுத்து எடுக்கச் சொல்லிவிட்டார். வண்டிகள் கிளம்பிவிட்டன. அதில் ஒன்று உங்களிடம் வரும் என்று நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நெட்டையின் அப்பா அவனுடைய சாமான்களை வாங்கிப்போக வந்தார். ஷூவை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “அவன் சின்ன வயசுலேர்ந்து அவசரக்காரங்க. கால இறக்க மறந்துட்டானா?”

என்னால் முடியவில்லை, மாப்பிள்ளை. “அந்த வண்டியில காலே இல்லைங்க. உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல. பொய்யின்னு தெரிஞ்சு கையெழுத்துப் போட்டது நான்தான்” என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவர் அதை நேராக மேலிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மறுநாளே என்னை டயர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இருபதாம் தேதி விசாரணை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இதைத் தபாலில் போடவில்லை. உதிரி பாகம் ஏற்றி வரும் லாரி ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு சாக்குப் பொட்டலம். அதில் இரண்டு இரும்புக் கட்டைகளும் எட்டு போல்ட்டுகளும் இருக்கின்றன. உங்கள் வண்டியில் பீரங்கி சுழலும் வளையத்தில் இடமும் வலமும் நான்கு நான்கு துளைகள் உண்டு. தடுப்பை அறுத்த அன்றே மிச்ச வண்டிகள் எல்லாவற்றிலும் துளைத்து, கிரீஸ் அடைத்து, மேலே பெயிண்ட் பூசிவிட்டேன். சுரண்டினால் தெரியும். கட்டைகளை வைத்து போல்ட்டுகளை இறுக முறுக்குங்கள்; பீரங்கி பக்கவாட்டில் திரும்பாது.

தினமும் காலையில் வெல்டிங் மேல் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவிப் பாருங்கள். பொடியில் ஈரக்கோடு தெரிந்தால் அங்கே விரிசல். அன்றைக்கு அந்த வண்டி சுடக் கூடாது. உங்கள் பீரங்கிக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள். அவரை நம்பியும் ஒரு வீடு இருக்கும்.

பக்கத்திலிருந்து ஆபத்து வந்தால் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். திருப்ப நேரமில்லை என்றால் இரண்டு பேரும் குதித்து ஓடிவிடுங்கள். ஓடினார் என்று ஊர் சொல்லட்டும். இந்த வீட்டில் அதற்காக உங்களை ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை. நான் இருக்கிறேன்.

போல்ட்டுகளை முறுக்கியதும் அவளுக்கு எழுதுகிற கடிதத்தில், மாமா அனுப்பிய சாமான் கிடைத்தது என்று ஒரு வரி போடுங்கள். அவள் வாசித்துக் காட்டுவாள். எனக்குப் புரிந்துவிடும்.

முழுசாக வந்து சேருங்கள்.

உங்கள் மாமா