பரணிக்குத் தைத்த பாவாடை

குடவாசல்,
10.11.2024

அன்பு மகன் ராஜராஜனுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது.

போனில் பேசினால் உன் அவசரம்தான் காதில் விழுகிறது. அதனால்தான் கடிதம். சம்பாவுக்குக் களை எடுத்தாச்சு. தை மாதம் நம் அம்மன் கோயிலில் பேரன் பரணிக்கு மொட்டை என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். மூன்று வயசு முடி, அதுவரைக்கும் கத்தரி படக் கூடாது. முடி இறக்குவதற்கு முன்னாடி சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிப் போட்டோ எடுக்கணும். அரக்குப் பட்டில் நானே தைக்கிறேன். உனக்கு எடுத்த போட்டோ கூடத்தில்தான் தொங்குகிறது. "என்னைப் பொட்டப்புள்ளயாக்கிட்டியே" என்று அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாயே!

பேரனின் இடுப்பு அளவு அனுப்பு.

அம்மா,
சாவித்திரி

மான்செஸ்டர்,
8.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சிரிக்கப்போகிறாய். எங்கள் மியூசியத்துக்காக இந்த நாட்டுப் பையன்களின் உடுப்பு வரலாற்றைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நூற்றைம்பது வருஷம் முன்னால் இங்கேயும் நாலைந்து வயதுவரை பையன்களுக்குக் கவுன்தான். முதல் கால்சட்டை போடும் நாள் வீட்டில் விசேஷம். பல வீடுகளில் முடியும் அப்போதுதான் வெட்டுவார்களாம். அப்புறம் பனியிலும் முழங்கால் தெரிய அரைக்கால் சட்டை.

மியூசியத்து அலமாரியில் அந்தக் காலத்துப் பட்டும் வெல்வெட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன. தினமும் போட்டதெல்லாம் அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போய், கந்தலாகி, தரை துடைத்தே தீர்ந்துவிட்டது.

அம்மா, இடுப்பு அளவு வேண்டாம். நர்சரியில் பரணியைப் பெண் என்று கேலி செய்தார்கள். அழுதான். போன வாரம் முடியை வெட்டிவிட்டோம். தைக்கு லீவும் கிடைக்கவில்லை. கோபப்படாதே.

ராஜா

குடவாசல்,
26.1.2025

அன்பு மகனுக்கு,

கோபமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டு மாலதியிடம், "வெள்ளைக்காரப் பயலுவளும் பாவாடை கட்டுனவனுவதான்டி. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ மகன் அதைப் புஸ்தகமா எழுதுறான்" என்று சொன்னேன்.

"அது கிடக்கட்டும் பெரியம்மா, பேரன் எப்ப வர்றான்?" என்றாள்.

"வயல்ல அறுப்பு மெஷின் எறங்கிடுச்சு" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மொட்டை இல்லை என்று பூசாரியிடமும் சொல்லியாச்சு. பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். யாரும் கட்டாததால் அது உங்கள் அலமாரிப் பட்டு மாதிரி நல்லாவே இருக்கும். கூடத்துப் போட்டோவும் வைத்தது வைத்தபடி இருக்கிறது. திருப்பி வைக்கத்தான் ஆள் இல்லை.

ஒன்று கேட்கிறேன். நீ அனுப்புகிற படத்திலெல்லாம் பிள்ளை புதுச்சட்டையில் நிற்கிறான். தினமும் போட்டு, இப்போது பத்தாமல் போன சட்டை ஒன்று இருக்குமே, அதைத் தரை துடைக்க எடுத்துவிடாதே. எனக்கு அனுப்பு.

துவைக்க வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா