பாஸ்டருக்கு வாங்கிய கறுப்பு வண்டி

ஹாலோவே, மிசிசிப்பி
செப்டம்பர் 24

அன்பு மகள் ரொஷெல்லுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் உயிரோடும் ஓரளவு நடையோடும் இருக்கிறேன், அது ஆண்டவர் கிருபை. அந்த அலாஸ்கா குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது என் வேலை. வலது முட்டிதான் மழை வருமுன்னே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. இப்போதெல்லாம் தபால் ஆபீஸ் காலையில் இரண்டு மணி நேரம் மட்டுமே திறக்கிறார்கள், அதனால் பத்து மணிக்குள் இதை முடித்தாகவேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் நீ இரண்டு தடவை, வண்டி விஷயம் என்னம்மா ஆச்சு என்று கேட்டாய், நான் இரண்டு தடவையும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முன்கதை உனக்குக் கொஞ்சம் தெரியும். நம் பெனியேல் சபையில் இப்போது மிச்சம் பதினெட்டுப் பேர். பாஸ்டர் ப்ரூயிட் மாதத்தில் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் கிரீன்வுட்டிலிருந்து நாற்பது மைல் வருவார், மற்ற இரண்டு ஞாயிறும் வேறொரு சபை. அவருடைய பழைய கார் ஈஸ்டர் அன்று நெடுஞ்சாலையிலேயே உயிரை விட்டுவிட்டது, பிறகு ஒட்டுப்போட்டுத்தான் ஓடியது. அன்று யாரோ ஒருவருடைய டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து, கையெல்லாம் கிரீஸோடு பிரசங்க மேடையில் நின்றார் மனிதர். அதற்கு அடுத்த வாரமே சிஸ்டர் வெர்லீன் முடி அலங்காரக் கடையிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தாள், மெம்பிஸில் ஒரு பெரிய சபை இவரைக் கூப்பிட்டு இரண்டு தடவை பிரசங்கம் பண்ணச் சொல்லியிருக்கிறதாம். இவர் போனால் பதினெட்டுக் கிழடுகளுக்காக வேறு யார் வருவார்? ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சபை பாஸ்டர் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறதே, பலிபீடத்தின் மேல் குளவி கூடு கட்டியிருக்கிறது, நானே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு எழுபத்து நான்கு ஆகிறது ரொஷெல். இனி எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உன் அப்பா ஓசியாவை எந்த வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்களோ அதே வாசல் வழியாக என்னையும் கொண்டுபோகவேண்டும், என்னைத் தெரிந்த ஒருவர் முன்னால் நின்று என் பெயரைத் தப்பில்லாமல் சொல்லவேண்டும். அவ்வளவுதான், அதற்குமேல் பேராசை இல்லை.

அதனால் மே மாதக் கடைசியில் நான்தான் பேச்சை எடுத்தேன், ஆகஸ்டில் பாஸ்டருக்கு ஊழியத்தில் பத்து வருடம் நிறைகிறது, விழாவில் அவருக்கு ஒரு வண்டி கொடுத்து அவரை இங்கேயே இருத்திக்கொள்வோம் என்று. சின்ன வண்டி இல்லை, மூன்று வரிசை இருக்கை, தோல் மெத்தை, ஏறும்போது படி தானாகவே இறங்கும் பெரிய வண்டி, கொஞ்சம் ஓடினதாக இருந்தாலும் பரவாயில்லை. பாஸ்டர் ஆறடி நாலங்குலம், நாலு பிள்ளைகள். ஊரில் எந்தச் சபையும் தன் பாஸ்டரைச் சின்ன வண்டியில் பார்க்க விரும்பாது என்பது உனக்கே தெரியும். "சின்னக் கார்ல இருந்து இறங்குற ஆளு சின்னப் பிரசங்கந்தான் பண்ணுவாரு" என்று வெர்லீன் தீர்ப்பே சொல்லிவிட்டாள். டீக்கன் ஓட்டிஸ் மட்டும் பல்குச்சியை வாயில் உருட்டிக்கொண்டே, "ஏ லூவெனியா, ஓட்டை வண்டி இருக்கறதாலதான் அவன் இன்னும் இங்க வர்றான். நல்ல வண்டியக் குடுத்துப் பாரு, நல்லா தூரமாப் போவான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கெளுத்தி மீன் வறுத்து விற்றோம். பாஸ்டருக்குத் தெரியக்கூடாதே, அதனால் கூரை ஒழுகுகிறது, அதற்குத்தான் என்று பொய் சொன்னோம். அவர் அதற்கென்றே வாராவாரம் வந்து வீட்டில் ஆளுக்கொன்றாய் ஆறு தட்டு வாங்கிக்கொண்டு போவார். அவருடைய வண்டிக்கு அவரே மீன் தின்று பணம் கட்டுகிறார் என்று நாங்கள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

வண்டி தேடின கதையைக் கேள். ஓட்டிஸ் நாற்பது வருடம் பருத்தி எடுக்கும் இயந்திரம் ஓட்டினவர், அதனால் இஞ்சின் அவர் பொறுப்பு. வெர்லீனுக்குப் போனில் தேடத் தெரியும். நான் தலைவி. முதலில் ஜாக்சனில் பழைய கார் விற்கிற ஒரு இடத்துக்குப் போனோம், முகம் பார்க்கலாம் போல ஒரு வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. விற்கிற பையன் என்னை "வாங்க சின்னப் பொண்ணே" என்று கூப்பிட்டான், அப்போதே எனக்குச் சந்தேகம். ஓட்டிஸ் சபைக்குப் போடுகிற நல்ல கால்சட்டையோடு கீழே படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "மேல மணவாளன், கீழ பொணம்" என்றார். பனி ஊரில் ஓடின வண்டியாம், அங்கே சாலையில் உப்புப் போடுவார்களாமே, அடிப்பாகம் முழுக்கத் துருவேறி விரலால் தொட்டால் உதிர்கிறது. நீயும் உன் காரை வாரம் ஒருமுறை அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவு, மேலே மட்டும் துடைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதே. அடுத்தது கடற்கரைப் பக்கம் ஒருவன் வீட்டில். விலை கேட்டதும் வெர்லீன் ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கிவிட்டாள், அவ்வளவு மலிவு. கதவைத் திறந்தால் வாசனைத் திரவியம் மூக்கை அடைக்கிறது, அதற்கும் அடியில் ஒரு வாடை. ஆற்றோரத்தில் பிறந்த நமக்கு வெள்ளம் புகுந்த வாடை தெரியாதா? நான் இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், நுனியில் காய்ந்த சேறு. கேட்டால், "ஒருநா மழையில ஜன்னலத் திறந்து வச்சிட்டேம்மா" என்கிறான். "எந்த மழைப்பா, நோவா காலத்து மழையா?" என்று கேட்டேன். ஓட்டிஸ் வீடு வந்து சேரும்வரை சிரித்தார்.

மூன்றாவதுதான் நல்ல வண்டி, டூப்பெலோவில் ஒரு பல் டாக்டருடையது, அடர்நீல நேவிகேட்டர், ஓட்டிஸுக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போதே வாங்கியிருக்கலாம். ஆனால் சபை ஓட்டெடுக்காமல் ஒரு ஊசிகூட வாங்கக்கூடாது என்பது நம் சட்டம், அதையும் பாஸ்டர் வராத ஞாயிற்றுக்கிழமையில்தான் எடுக்கமுடியும், ஒன்பது நாள் பொறுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர், "அம்மா, நீங்க காரு வாங்குறீங்களா, கவர்னரத் தேர்ந்தெடுக்குறீங்களா?" என்றார். ஒன்பது நாள் ஜெபித்து, ஓட்டெடுத்து, பதினெட்டுக்குப் பதினெட்டு ஆதரவோடு போன் செய்தால் வண்டி நாலு நாளைக்கு முன்பே விற்றுப்போய்விட்டது. "நமக்கு முந்தி சாத்தான் அட்வான்ஸ் குடுத்துட்டான்" என்று வெர்லீன் போனைச் சோபாவில் வீசினாள். ஆகஸ்ட் பிறந்துவிட்டது, கையில் பணம் இருக்கிறது, வண்டி இல்லை.

அப்போதுதான் நம் ஊரில் அடக்கங்களை நடத்திக்கொடுக்கும் ஐஸம் சொல்லியனுப்பினார். அவரும் கடையை மூடிவிட்டு டாலஸில் மகனோடு இருக்கப் போகிறாராம். ஏன் என்று கேட்டதற்கு, "சாகறதுக்கும் ஊர்ல ஆளு வேணுமே லூவெனியாம்மா" என்றார். அவரிடம் இருந்த கறுப்பு வண்டி, பன்னிரண்டு வருடமாகியும் அதிகம் ஓடாதது, சபைக்கும் கல்லறைக்கும் நடுவில் மாட்டுவண்டி வேகத்தில் போனதைத் தவிர அதற்கு வேறு பாடு இல்லை. தோல் மெத்தை வெடிக்கவில்லை, படி சத்தமில்லாமல் இறங்கியது. வெர்லீனுக்கு மட்டும் மனசாகவில்லை, "ஊழியக்காரருக்குச் சாவு வண்டியா குடுக்கறது?" என்று பின்வாங்கினாள். ஓட்டிஸ், "பொணம் போறது வேற வண்டிடி. இது அழறவங்க போற வண்டி" என்றார். உயரம் முட்டிக்குத் தாங்குமா பார்ப்போம் என்று நான் பின்கதவைத் திறந்து இரண்டாம் வரிசையில் வலது ஓரமாக ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது ரொஷெல், அது நான் உட்கார்ந்திருந்த இடம். உன் அப்பாவின் பின்னால் போன அன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியில் அதே காகிதக் கைக்குட்டைப் பெட்டி. எனக்கு இடது பக்கத்து இருக்கையில் அன்று ஐஸம் உன் பெயரை ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார், கல்லறைவரை அந்த அட்டைதான் என்னோடு வந்தது. பனிப்புயலில் விமானம் கிளம்பவில்லை, உன்மேல் குற்றமில்லை, ஆயிரம் தடவை சொல்லிவிட்டேன். ஆனாலும் வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னம்மா, முட்டி வலியா என்று வெர்லீன் கேட்டாள். ஆமாம் என்றேன். இதையே வாங்கலாம் என்றும் சொன்னேன். இந்தத் தடவை ஓட்டெடுப்பை வண்டியிலேயே நடத்தி முடித்தோம், போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு. பிறகுதான் இறங்கினேன்.

ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு. சபைக்குப் பின்னால் மரத்தடியில் வண்டி நிற்கிறது, மேலே ஓட்டிஸின் தார்ப்பாய், அதற்குள்ளே வெர்லீன் கட்டின சிவப்பு ரிப்பன், சாவி என் கைப்பையில். ஆசீர்வாதம் முடிந்ததும் எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப்போவதாகத் திட்டம். பாஸ்டர் பிரசங்கத்தை முடித்தார், வேதத்தை மூடினார், மூடியதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மெம்பிஸ் சபையில இருந்து கூப்பிட்டிருக்காங்க. மே மாசமே சரின்னு சொல்லிட்டேன். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழல" என்றார். மே மாதம்! நாங்கள் முதல் மீனை எண்ணெயில் போடுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. அந்த ஆறு தட்டை ஏன் வாங்கினார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, விட்டுப்போகிற சபையின் கூரையையாவது அடைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்திருக்கிறார், பாவி மனுஷன். வெர்லீன் எழுந்து வெளியே போய்விட்டாள். ஓட்டிஸ் என் பக்கம் குனிந்து, "சாவிய வெளிய எடுக்காத. வண்டிய வித்துடலாம், அவனுக்கு எதுவும் தெரியாதே" என்றார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் பெருந்தன்மையால் கொடுக்கவில்லை, கோபத்தில்தான் எழுந்தேன். இதையும் வாங்கிக்கொண்டு போ, போகிற வழியெல்லாம் எங்களை நினைத்துக்கொண்டே போ என்றுதான் மனசுக்குள் இருந்தது. நேரே போய் அவர் கையில் சாவியை வைத்தேன். பின்னால் போய்த் தார்ப்பாயை இழுத்ததும் அவருக்கு வண்டியைத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா, நம் சபைச் சாவு ஒவ்வொன்றுக்கும் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தவர் அவர்தானே. ஏறி உட்கார்ந்தவர் ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அவர் பிள்ளைகளுக்கு என்ன தெரியும், பின்வரிசையில் ஏறி ஒரே கும்மாளம். எனக்கு வேண்டாம், நான் இதற்குத் தகுதியில்லை என்று சாவியை நீட்டினார். ஓட்டிஸ்தான், "எடுத்துட்டுப் போ தம்பி. அந்த ஓட்டைக் கார்ல மெம்பிஸ் கிளம்பினா பாதி வழியில நிப்ப, வந்து தள்ளி விட எங்க யாருக்கும் தெம்பில்ல" என்றார். அதற்குள் எனக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. பத்து வருடம் மழையிலும் வெயிலிலும் அந்தத் தகர டப்பாவில் வந்தவர், உன் அப்பா படுக்கையில் இருந்தபோது வாரம் மூன்று தடவை வந்தவர். போகும்போது ஜன்னலை இறக்கி, "லூவெனியாம்மா, உங்க நாள் வரும்போது நான் எந்தச் சபையில இருந்தாலும் இதே வண்டியில வந்துடுவேன்" என்றார். வண்டி சோளக்கொல்லை திருப்பம்வரை தெரிந்தது. ரிப்பனை அவிழ்க்க மறந்துவிட்டோம்.

செப்டம்பர் முதல் ஞாயிறு ஒன்பது பேர் வந்தோம், ஓட்டிஸ் வேதம் வாசித்தார், கண்ணாடி இல்லாமல் பாதி வரியை விட்டுவிட்டார். மூன்றாம் ஞாயிறு மழை, ஐந்தே பேர். வேறு பாஸ்டர் தேடிக் கடிதம் போட்டோம், ஒருவர் பதில் எழுதினார், எத்தனை பேர் என்று கேட்டு. உண்மையைச் சொன்னோம், அதற்குப் பிறகு அவரிடமிருந்து பதில் இல்லை. சபைச் சாவி இப்போது என் அடுக்களை ஆணியில் தொங்குகிறது. ஆண்டவரால் எல்லாம் ஆகும் என்று வெர்லீன் சொல்கிறாள், நானும் ஆமென் சொல்கிறேன், ஆனால் நேற்று விளக்குமாறோடு போனபோது ஜன்னல் மூலையில் ஒரு குளவி மண் பூசிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டு வந்தேன். தினம் போய்த் தட்ட என்னால் முடியாது.

உனக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன், உன் அப்பாவின் சட்டைத் துணியெல்லாம் சேர்த்துத் தைத்தது, துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலையைக் குறைத்துக்கொள். ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், நீ போகிற சாலையில் எல்லாம் முன்னால் போகட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. உறையின் பின்பக்கம் பாஸ்டர் ப்ரூயிட்டின் மெம்பிஸ் எண்ணும் ஐஸமின் டாலஸ் எண்ணும் எழுதியிருக்கிறேன், போனில் மட்டும் வைக்காமல் ஒரு நோட்டிலும் குறித்துக்கொள், என் சமயம் வரும்போது கூப்பிட உன்னைத் தவிர இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். சபைச் சாவி எங்கே இருக்கிறது என்று உனக்கே தெரியும். வண்டியில் இரண்டாம் வரிசை, வலது ஓரம், அது என் இடம், நீ அதில் உட்கார்ந்துகொள், அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. பனி பெய்கிற மாதமாக இருந்தால், ரொஷெல், கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
லூவெனியா