உள் பாக்கெட்டில் ஒரு பெயர்

செப்டம்பர் 4

காலையில் எங்கள் தையல் கடைக்குச் சேபோம் வந்தாள், சொந்தமாகக் கோட்டு விற்கும் பெண். அறுபது கோட்டுக்கான ஆர்டரும் கோட்டின் வெட்டுப் படம் போட்ட ஒரு பெரிய காகிதச் சுருளும் கொண்டு வந்திருந்தாள். சுருளைக் கட்டிங் மேஜையில் விரித்ததுமே என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. துணி, பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, தேகு நகரத்தில் மறுபடி நூற்று நெய்த கம்பளி. சாயம் கிடையாது, காலரை விறைப்பாக்க உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் ஒட்டுத்துணி கிடையாது. அதெல்லாம் சரி. ஆனால் ஒரு விரல் அகலத் துணிகூட வீணாகாமல் வெட்ட வேண்டுமாம். முப்பத்தெட்டு வருடக் கட்டிங் மாஸ்டரிடம் முப்பது வயதுகூட ஆகாத பெண் சொல்கிறாள்!

"மிச்சம் விழாம வெட்டணும்னா மனுஷன் சதுரமாப் பொறந்திருக்கணும்" என்றார் இவர். முடியாதென்றால் பரவாயில்லை, அடுத்த சந்தில் வேறு மாஸ்டர் இருக்கிறார் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் போட்ட மருந்து வேலை செய்தது. மத்தியானம் சோறு ஆறிப்போகும்வரை மனிதர் மேஜையை விட்டு நகரவில்லை.

செப்டம்பர் 9

வெட்டிவிட்டார். கழுத்துப்பட்டையைத் தலைகீழாகக் கோட்டின் கைப்பகுதிக்குப் பக்கத்தில் போட்டு, பாக்கெட்டை முதுகின் வளைவுக்குள் நுழைத்து — ஐந்து நாள் பென்சிலும் அழிரப்பருமாக இருந்தார். கடைசியில் மிஞ்சியது ஒரு பிடி. அதையும் கோட்டை ஆணியில் மாட்டும் வளையங்களாக்கிவிட்டார்.

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைப் பூனைக்குத்தான் கஷ்டம். வெட்டுத்துணி மூட்டைமேல் தூங்கியே பழகியது, இப்போது மூட்டையே இல்லை. அயர்ன் மேஜைக்கடியில் உட்கார்ந்துகொண்டு எங்களை முறைக்கிறது.

செப்டம்பர் 13

சேபோம் ஒரு கட்டு சின்னத் துணித்துண்டுகள் கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் என் பெயர். பியோ கும்ரே. கோட்டின் உள் பாக்கெட்டில் வைத்துத் தைக்க வேண்டுமாம். கிழிந்தாலோ அளவு சரியில்லை என்றாலோ தூக்கிப் போடாமல், தைத்தவரிடமே அனுப்பிச் சரிசெய்துகொள்வார்களாம்.

வேண்டாம் என்றேன். பதினாறு வயதில் பெரிய தையல் கம்பெனியில் சேர்ந்தபோது என்னை 'மூணாம் மிஷின்' என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பத்திரண்டு வருடமாக நான் தைத்த எதிலும் என் பெயர் இருந்ததில்லை. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

அவள் விடுகிற மாதிரி இல்லை. உள் பாக்கெட்டை யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன். வெட்டினவன் பெயர் எங்கே என்று இவர் கேட்டார். "துண்டு சின்னது பெரியப்பா" என்றாள். அன்று முழுக்க இவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 27

மகள் இன்யோங் போன் செய்தாள். டிசம்பர் 13 கல்யாணம் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டாரோடு சாப்பாடு. என்ன உடுத்துவது என்றெல்லாம் பேசிவிட்டு, கொஞ்சம் இழுத்தாள்.

"அம்மா... அவங்க வீட்டுல நீ டிசைனரா இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்டா அப்படியே சொல்லிடும்மா."

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இந்த மிஷின் ஓடித்தானே அவள் படித்தாள்? நான் என்ன திருடினேனா? வலித்தது. வேறு எங்கே சொல்ல, இங்கேதான் எழுதி வைக்கிறேன். இவரிடம் சொன்னால் கத்தரியோடு கிளம்பிவிடுவார்.

அவளுக்கும் பயம்தான், பாவம். வரப்போகிற மாமியார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை.

அக்டோபர் 4

இவரிடம் விஷயத்தை ரயிலில் வைத்துச் சொன்னேன், அங்கே கத்த முடியாதே. வாயை மூன்று தடவை திறந்து மூன்று தடவையும் மூடினார்.

சம்பந்தியம்மா மெலிந்த உருவம், கூர்மையான கண். ஹோட்டலுக்கே தன் தம்ளரைப் பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். காகிதக் கைத்துடைப்பை ஒதுக்கிவிட்டுத் தன் கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தார். நான் கைகளை மேஜைக்கடியிலேயே வைத்திருந்தேன். மிஷின் ஊசி இரண்டு தடவை ஏறி இறங்கிய விரலை எந்த டிசைனரிடம் பார்க்க முடியும்?

என்ன மாதிரி உடைகள் செய்கிறீர்கள் என்று கேட்டார். இப்போது பெரும்பாலும் கோட்டு என்றேன். அது பொய்யில்லை. இன்யோங் பேச்சை அவசரமாக மீன் பக்கம் திருப்பினாள்.

இவரோ சம்பந்தியின் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். எவனோ துணியின் நூலோட்டம் தப்பி வெட்டியிருக்கிறான் என்று திரும்பி வரும் வழியெல்லாம் புலம்பல்.

அக்டோபர் 29

அறுபது கோட்டும் போயாயிற்று. ஒட்டுத்துணி இல்லாததால் காலர் ஒவ்வொன்றுக்கும் உள்ளே கையால் குத்துத்தையல். விரல் வீங்கியிருக்கிறது. நாளை வெறும் தூக்கம்.

நவம்பர் 8

கடவுளே.

மாப்பிள்ளை வீட்டுக்கு நாம் அனுப்ப வேண்டிய சீர் சாமான்களோடு இன்யோங் வீட்டுக்கு வந்தாள். சம்பந்தியம்மாவுக்கு நானே ஒரு கோட்டு தைத்துத் தருகிறேன் என்று போன மாதமே சொல்லியிருந்தேன். "வேண்டாம்மா, அவங்க எங்க செஞ்சது, எதுல செஞ்சதுன்னு பாத்துப் பாத்து வாங்குறவங்க" என்று சொல்லிவிட்டுக் கடையில் வாங்கியிருக்கிறாள். பெட்டியைத் திறந்தாள்.

என் கோட்டு.

"காலரைப் பாரும்மா. இப்படி தைக்கிறதுக்கு இப்ப ஆளே இல்லையாம்" என்று எனக்கே சொல்லிக் கொடுத்தாள். அப்படியா என்றேன். இவர் சமையலறைக்குள் போய்ச் சிரித்துச் சிரித்து இருமியது வாசல் வரை கேட்டிருக்கும்.

பெட்டியை வைத்துவிட்டு அவள் கல்யாண உடையின் அளவு பார்க்கக் கடைக்குப் போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் அழைப்பிதழ் அச்சாகும். அதில் பெற்றவர்களின் முழுப்பெயர் இருக்கும். பியோ என்கிற குடும்பப் பெயரே அபூர்வம், அதிலும் கும்ரே என்று நாட்டில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு இது தப்புமா? மாமியார் வீட்டில் கால் வைக்கும் முன்பே என் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

பெயர்த் துண்டைக் கழற்றிவிட, தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தேன். மூலைக்கு ஒரு முடிச்சு, மொத்தம் நாலே தையல். இரண்டைப் பிரித்தேன். அப்போதுதான் பார்த்தேன், துண்டு ஒரு நூல் அளவு கோணலாக இருந்தது. அறுபதில் இது ஒன்று எப்படித் தப்பியது?

நேராக வைத்துத் திரும்பவும் தைத்துவிட்டேன்.

நவம்பர் 9

ஏன் அப்படிச் செய்தேன்? காலையிலிருந்து யோசிக்கிறேன். பெட்டி போய்விட்டது.

நவம்பர் 20

அழைப்பிதழ் வந்தது. 'சாங் தல்சு – பியோ கும்ரே தம்பதியின் மகள்.' அழகான எழுத்து. அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 27

மத்தியானம் வாய் நிறையக் குண்டூசியோடு மிஷினில் இருந்தேன். துணி ஏற்றிவரும் மோட்டார் சைக்கிள்காரர் கதவைத் திறந்து, உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கிறார் என்றார். கடைச் சந்தின் மேட்டை ஏறிய மூச்சிரைப்போடு சம்பந்தியம்மா. கையில் அந்தக் கோட்டு.

"கை ஒரு விரக்கடை நீளம். தைச்சவங்ககிட்டயே கொடுக்கணும்னு கோட்டுச் சீட்டுல போட்டிருக்கு. கடையில கேட்டு விலாசம் வாங்கினேன்" என்றார்.

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இவர் கத்தரியைப் பிடித்தபடி சிலை மாதிரி நின்றார். பெண் சொன்னதற்கு நானும்தான் தலையாட்டினேன், தப்பு என்மேலும் இருக்கிறது, அவளை ஒன்றும் நினைக்காதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் பிள்ளைங்க பொய்யக் கேட்டவ நான், சம்பந்தியம்மா. அன்னைக்கு நீங்க கைய மேஜைக்கு அடியில ஒளிச்சப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும். சூதாட்டப் பழக்கமோன்னு ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. தையல்தானா?"

இவர் பக்கென்று சிரித்துவிட்டார். நானும்தான். கொஞ்சம் அழுகையும் வந்தது.

அங்கேயே கையைப் பிரித்துக் குறைத்துக் கொடுத்தேன். கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளி எங்கே நெய்தது, மிச்சத் துணி எங்கே போகிறது என்று ஆயிரம் கேள்வி. இவர் மேஜைமேல் காகிதத்தை விரித்து முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற பெண்டாட்டி தனக்கு வாய்க்கவில்லையே என்று பிறகு என்னிடமே சொன்னார்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா என் தோளைத் தொட்டார். "இன்யோங்கிட்ட நீங்களும் சொல்லாதீங்க, நானும் சொல்லல. அவளே சொல்லட்டும்."

டிசம்பர் 12

இன்யோங் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் கல்யாணம்.

டிசம்பர் 13

கால் வலி, இருந்தாலும் எழுதாமல் படுக்க முடியாது.

முதலில் அம்மாக்கள் இரண்டு பேரும் கைகோத்துப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். சம்பந்தியம்மா நீலம், நான் ரோஜா நிறம். என் தீக்குச்சி இரண்டு தடவை பற்றாமல் போனது. "ஊசில நூல் கோக்குற கை நடுங்கலாமா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; நல்லவேளை, படம் எடுக்கிறவர் அப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தார்.

எல்லாம் முடிந்து வாசலில் நின்றோம். பனி விழுந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா பட்டு உடைக்குமேல் கோட்டைப் போட்டுக்கொண்டார். அவருடைய அக்கா துணியைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். மருமகள் கொடுத்த சீர் என்றவர், அதோடு நிறுத்தாமல் முன்பக்கத்தை விரித்து உள் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். அக்கா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

"பியோ கும்ரே. யாரு இது?"

இன்யோங் பக்கத்தில்தான் இருந்தாள். குனிந்து துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காது வரை சிவந்துவிட்டது. சம்பந்தியம்மா பனியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ, வாயில் குண்டூசி இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"எங்கம்மா" என்றாள் இன்யோங். குரல் கொஞ்சம் உடைந்தது, பிறகு சரியானது. "டிசைனர்னு நான் சொன்னது பொய், பெரியத்தை. அம்மா தையல்காரங்க. இந்தக் கோட்டைத் தைச்சது எங்கம்மாதான்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி ஏறிய விரலைத் தேடிப் பிடித்தாள்.

பின்னாலிருந்து இவர் குரல் வந்தது. "வெட்டினது நான்."

டிசம்பர் 23

சேபோம் புதுத் துண்டுகள் கொண்டு வந்தாள். இப்போது இரண்டு பெயர், மேலே இவருடையது. காலையிலிருந்து அதையே பதினைந்து தடவை படித்துவிட்டார்.

முதல் துண்டு இன்யோங் கோட்டுக்கு. அளவு கொடுக்க அவளே மேடு ஏறிக் கடைக்கு வந்தாள், பத்து வருடத்துக்குப் பிறகு. அளவு எடுத்தாயிற்று, போ என்றேன். போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மற்றக் கோட்டுகளுக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். பூனை கொஞ்ச நேரம் அவளை முறைத்துப் பார்த்தது. பிறகு அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.